முப்பத்திரண்டாம் நொடி

என் மேசை இழுப்பறையில் பதினோரு பக்கத்துக்கு அச்செடுத்த கோப்பு ஒன்று கிடக்கிறது. ஸ்டேப்ளர் கம்பி துருப்பிடித்து மூலையில் கறை இறங்கியிருக்கிறது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்துக்கு 2008-இல் நான் அமைத்துக் கொடுத்த இணையத் தொலைபேசி சர்வரின் கட்டமைப்புக் கோப்பு அது. சர்வராக ஓடிய கணினி எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அந்த நிறுவனமும் வேறு கட்டடத்துக்கு மாறிவிட்டது. நானூற்றுச் சொச்சம் வரிகள் கொண்ட இந்தக் காகிதம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இதை நான் ஒரு சரித்திர ஆவணமாகத்தான் பார்க்கிறேன். எந்த ஏரிக்கு யார் மதகு வைத்தார் என்று கல்வெட்டில் இருப்பதுபோல, எந்தப் பழுதுக்கு எந்த வரி வந்தது என்று இதில் இருக்கிறது. ஒரு வரிகூடச் சும்மா வந்ததில்லை. எங்கோ ஓர் ஊரில் ஒரு போன் மணியடிக்காமல் போயிருக்கும். யாரோ ஒருவர் இரவெல்லாம் கண்விழித்துக் காரணத்தைக் கண்டுபிடித்து ஒரு வரி சேர்த்திருப்பார். அது கை மாறிக் கை மாறி என்னிடம் வந்திருக்கும்.

முதல் பக்கத்திலேயே இரண்டு சோதனைகள் இருக்கின்றன. வருகிற ஒவ்வொரு செய்தியும் இன்னும் எத்தனை சர்வர் தாண்டலாம் என்ற கணக்கோடு வரும். தாண்டும் இடமெல்லாம் ஒன்று குறையும். பூஜ்யம் ஆகிவிட்டால் 483 என்ற எண்ணோடு திருப்பி அனுப்பிவிட வேண்டும். இது ஏன்? இரண்டு சர்வர்கள், “அந்த ஆள் உன்னிடம்தான் இருக்கிறான்” என்று ஒன்றையொன்று காட்டினால் ஒரே செய்தி இரண்டுக்கும் நடுவே ஓயாமல் சுற்றும். கொஞ்ச நேரத்தில் இரண்டும் மூச்சுத் திணறி நின்றுவிடும். அடுத்த சோதனை, செய்தியின் நீளம் 2048 பைட்டை எட்டினால் 513 என்று மறுப்பது. இந்த சர்வர் மென்பொருள் பிறந்த பெர்லினில் இருந்து வந்த மாதிரிக் கோப்பிலும் தலைவாசலில் இந்த இரண்டு வரிகள்தான் காவல் நின்றன. மாதிரிக் கோப்பு எழுதியவர்கள் அடிபட்டவர்கள் என்பது எனக்கு அந்த வரிகளைப் பார்த்ததுமே புரிந்தது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது வேறு வாசல் வழியாக. 1994-இல் கோவையில் இ.பி.ஏ.பி.எக்ஸ். என்ற அலுவலக எக்ஸ்சேஞ்சுகளுக்கு மெக்கானிக்காகச் சேர்ந்தேன். மில்களிலும் மருத்துவமனைகளிலும் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டி, அதிலிருந்து கிளம்பும் நூறு ஜோடி கம்பி, கிரோன் பெட்டியில் அழுத்திச் செருகும் கருவி, இடுப்பில் டெஸ்ட் போன். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் டெஸ்ட் போனைக் கம்பியில் மாட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். “கர்ருங்குதா, தண்ணி எறங்கியிருக்கு. ஒண்ணுமே கேக்கலையா, கம்பி அந்துருச்சு. வேற ஆளு பேச்சு கேக்குதா, ஜோடி மாறிப்போச்சு. காதைத் தொறந்து வைடா தம்பி, போதும்.” பத்து வருஷம் நான் காதால்தான் பிழைத்தேன்.

இணையத் தொலைபேசி வந்தபோது அந்தக் காது உதவவில்லை. பழுது இருந்தால் போன் வெறுமனே மௌனமாக இருக்கும். கேட்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் படிப்பதற்கு இருந்தது. அதுதான் என்னைக் காப்பாற்றியது. படிக்கக் கூடியதாக அதை வைத்த மனிதர்களுக்கு நான் கடன்பட்டவன்.

அந்தக் கதை 1996 பிப்ரவரியில் தொடங்குகிறது. இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்புக்கு இரண்டு வரைவுகள் வந்தன. ஒன்றை எழுதியவர்கள் மார்க் ஹேண்ட்லியும் ஈவ் ஸ்கூலரும். இன்னொன்று ஹென்னிங் ஷுல்ஸ்ரின்னே எழுதியது. அவர் அப்போது பெர்லினில் ஜி.எம்.டி. ஃபோகஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். அதே ஆண்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். இரண்டு வரைவுகளும் பேசியது இணையத்தில் நடக்கும் ஒரு கூட்டத்துக்கு ஒருவரை எப்படி அழைப்பது என்பதைத்தான். போனுக்கு மாற்று செய்வது முதல் நோக்கமாக இருக்கவில்லை. இன்றும் போன் அழைப்பின் முதல் செய்திக்கு ‘இன்வைட்’ என்றே பெயர் இருப்பது அதனால்தான். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பது மாதிரி, கூட்டத்துக்குப் பத்திரிகை. இரண்டு வரைவுகளும் ஒன்றாகி, ஜோனதன் ரோசன்பர்க்கும் சேர்ந்துகொள்ள, 1999 மார்ச்சில் 2543 என்ற எண்ணோடு நெறிமுறையாக வந்தது. எஸ்.ஐ.பி. என்பது அதன் பெயர்ச் சுருக்கம். தொழிலில் இருக்கும் நாங்கள் ‘சிப்’ என்போம். 2002 ஜூனில் அதைத் திருத்தி விரித்து 3261-ஆம் ஆவணம் வெளியானது. 269 பக்கம். அதை முழுக்க அச்செடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டு வைத்திருந்தேன்.

அதே 1996-இல் ஜெனீவாவில் உள்ள சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் எச்.323 என்ற வேறொரு முறையைக் கொண்டுவந்தது. தொலைபேசி உலகத்தின் பெரியவர்கள் வகுத்தது. அதில் செய்திகள் பைனரியில் பொதிந்து போகும். பிரித்துக் காட்டத் தனி மென்பொருள் இல்லாமல் மனிதக் கண்ணுக்கு அது குப்பை. சிப்பை வகுத்தவர்கள் இணையப் பக்கமும் மின்னஞ்சலும் போகும் வழியைப் பின்பற்றினார்கள். வெறும் எழுத்து. யாருக்கு, யாரிடமிருந்து, எந்த வழியாக வந்தது, இந்த அழைப்புக்கு என்ன அடையாள எண் என்று வரிவரியாக, கடிதத்தின் மேல் முகவரி எழுதுவது மாதிரி. பதிலும் அப்படியே. 100 என்றால் ‘முயல்கிறேன்’, 180 என்றால் ‘மணியடிக்கிறது’, 200 என்றால் ‘எடுத்துவிட்டார்’. எடுத்தது தெரிந்ததும் கூப்பிட்டவர் ‘ஆக்’ என்று ஓர் ஒப்புகை அனுப்புவார். பேசி முடித்தால் ‘பை’. பைனரியில் அனுப்பினால் இடம் மிச்சம், வேகம் அதிகம் என்ற வாதம் அன்று வலுவாகவே இருந்தது. அதை மீறி எழுத்தைத் தேர்ந்தெடுத்தது இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் எடுக்கப்பட்ட நல்ல முடிவுகளில் ஒன்று. பொறியியல் படிக்காத ஒரு மெக்கானிக் இந்தத் தொழிலுக்குள் வர முடிந்தது அந்த ஒரு முடிவால்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதே 1996 பிப்ரவரியில் 1918 என்ற எண்ணுள்ள இன்னோர் ஆவணம் வந்தது. 10-இல் தொடங்குவது, 192.168-இல் தொடங்குவது போன்ற சில முகவரிகளை அலுவலகங்கள் தமக்குள் இஷ்டம்போல வைத்துக்கொள்ளலாம், அவை வெளி இணையத்தில் செல்லாது என்று வகுத்த ஆவணம். நம் வீட்டு வைஃபை பெட்டிவரை இன்று அதுதான் நடைமுறை. அழைப்புச் செய்திக்குள்ளேயே முகவரி எழுதி அனுப்பும் சிப்பும், வெளியே செல்லாத முகவரிகளும் ஒரே மாதத்தில் பிறந்தன. நான் பார்த்த பழுதுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டும் முட்டிக்கொண்டதால் வந்தவை.

சர்வரின் கதை மறுபடியும் பெர்லினுக்குப் போகிறது. ஷுல்ஸ்ரின்னே இருந்த அதே ஆய்வுக்கூடம் இதற்குள் ஃப்ரான்ஹோஃபர் ஃபோகஸ் ஆகியிருந்தது. 2001 செப்டம்பரில் அங்கே ஆந்திரேய் பெலினெஸ்கு-ஒன்சியுல் என்ற ருமேனியர் ஒரு சிப் சர்வரின் முதல் வரிகளை சி மொழியில் எழுதினார். யிர்ஷி குதான், யான் யனாக், போக்டான்-ஆந்திரேய் யான்கு, டேனியல்-கான்ஸ்டன்டின் மியர்லா ஆகியோர் சேர்ந்த சிறு குழு. சிப் எக்ஸ்பிரஸ் ரவுட்டர் என்று பெயர் வைத்தார்கள், சுருக்கமாக ‘சர்’. 2002 செப்டம்பரில் ஜி.பி.எல். உரிமத்தில், கட்டற்ற மென்பொருளாக, மூல நிரலோடு வெளியிட்டார்கள்.

இந்த சர்வர் என்ன செய்யும் என்பதைக் கேட்கிறவர்களுக்கு நான் தபால் ஆபீஸைக் காட்டிச் சொல்வேன். யார் எங்கே இருக்கிறார் என்ற பேரேடு அதனிடம் இருக்கும். ஒவ்வொரு போனும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை “நான் இன்ன முகவரியில் இருக்கிறேன்” என்று ‘ரிஜிஸ்டர்’ அனுப்பிப் பதிந்துகொள்ளும். அழைப்பு வந்தால் பேரேட்டைப் பார்த்து உரிய இடத்துக்குக் கடிதத்தைத் தள்ளிவிடும். குரல் அதன் வழியாகப் போகாது. இரண்டு போன்களும் குரலைத் தங்களுக்குள் நேரடியாகப் பரிமாறிக்கொள்ளும். குரலைச் சுமக்காததால்தான் ஒரு சாதாரணக் கணினி ஆயிரக்கணக்கான அழைப்புகளை வழிகாட்டி அனுப்ப முடிந்தது.

இதற்கு முன்பே, 1999-இல், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மார்க் ஸ்பென்சர் என்ற மாணவர் ஆஸ்டெரிஸ்க்கை எழுதத் தொடங்கியிருந்தார். லினக்ஸ் உதவி தரும் சிறு நிறுவனம் நடத்திய அவருக்கு அலுவலக எக்ஸ்சேஞ்ச் வாங்கக் கையில் பணமில்லை, தானே எழுதிக்கொண்டார். ஜிம் டிக்ஸன் என்பவர் தொலைபேசிக் கம்பியைக் கணினியில் செருகும் அட்டையின் வடிவமைப்பை இலவசமாகக் கொடுத்திருந்தார், இரண்டும் சேர்ந்தன. 2004 செப்டம்பரில் ஆஸ்டெரிஸ்க் 1.0 வந்தது. அது என் பழைய இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டியேதான், மென்பொருள் வடிவில். குரலைத் தானே வாங்கித் தானே கொடுக்கும், குரல் அஞ்சல் வைக்கும், ‘விற்பனைக்கு ஒன்றை அழுத்துங்கள்’ என்று சொல்லும். அப்போது நம் நாட்டில் 256 கிலோபிட் வேகத்தையே பிராட்பேண்ட் என்று அரசின் 2004 கொள்கை வகுத்திருந்தது. சுருக்காத குரல் ஓர் அழைப்புக்கு ஒரு பக்கம் 80 கிலோபிட் தின்னும். மூன்று பேர் பேசினால் லைன் நிரம்பிவிடும். குரலைச் சுருக்கும் ஜி.729 முறைக்குக் காப்புரிமை இருந்ததால் ஆஸ்டெரிஸ்க்கில் ஒரு சேனலுக்குப் பத்து டாலர். அந்தப் பத்து டாலரை வாடிக்கையாளரிடம் விளக்கிச் சொல்வது பெரும்பாடு. 2017-இல்தான் அந்தக் காப்புரிமைக் கட்டணம் ஓய்ந்தது.

ஆஸ்டெரிஸ்க்கா, சர்-ஆ என்று இளைஞர்கள் இன்றும் கேட்கிறார்கள். ஒன்று எக்ஸ்சேஞ்ச், மற்றது தபால் ஆபீஸ். பெரிய இடங்களில் முன்னால் தபால் ஆபீஸ் நிற்கும், பின்னால் எக்ஸ்சேஞ்சுகள் நிற்கும். நான் திருப்பூரில் தபால் ஆபீஸ் மட்டும் வைத்தேன். தலைமை அலுவலகம் திருப்பூர், கிளை சென்னை. இரண்டிலும் சேர்த்து நாற்பது போன். எஸ்.டி.டி. செலவில்லாமல் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் தேவை. இணையத் தொலைபேசிக்கு இந்தியாவில் அனுமதி வந்தது 2002 ஏப்ரல் 1-இல். கணினிக்குக் கணினி பேசலாம், வெளிநாட்டு போனுக்குப் பேசலாம். உள்நாட்டுத் தொலைபேசி வலையோடு மட்டும் கோக்கக் கூடாது. அந்தச் சுவர் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு 2018-இல்தான் விலகியது. அதனால் என் சர்வருக்குப் பக்கத்திலேயே பி.எஸ்.என்.எல். லைன் தொங்கினாலும் அதைத் தொட மாட்டேன். முதலாளிகள் கேட்பார்கள். முடியாதுங்க என்று சொல்லிவிடுவேன்.

கோப்பின் ஐந்தாம் பக்கத்தில் 19 என்று ஓர் எண் வரும். விவரம் தெரியாதவர்களுக்கு அது ஏதோ ரகசிய எண் மாதிரி இருக்கும். அது 1, 2, 16 ஆகிய மூன்றின் கூட்டல். 1 என்றால், ‘என்னை இங்கே தொடர்புகொள்’ என்று போன் எழுதியிருக்கும் இடத்தில் அந்தச் செல்லாத 192.168 வகை முகவரி இருக்கிறதா பார். 2 என்றால், கடிதத்தில் போட்டிருக்கும் முகவரியும் உண்மையில் அது வந்து சேர்ந்த முகவரியும் ஒன்றா பார். 16 என்றால், போர்ட் எண் மாறியிருக்கிறதா பார். மூன்றில் ஒன்று ஆம் என்றாலும் அந்த போன் ஒரு ரவுட்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்று பொருள். அது தன்னைப்பற்றிச் சொல்வதை நம்பாதே, வந்த வழியிலேயே பதில் அனுப்பு. அடுத்த வரியில் 30 என்று இருக்கும். முப்பது நொடிக்கு ஒருமுறை ஒவ்வொரு போனுக்கும் ஒரு சிறு பாக்கெட் அனுப்பு என்பது அது. அனுப்பாவிட்டால் நடுவில் இருக்கும் ரவுட்டர் அந்த வழியை மறந்துவிடும். “வெளிய கூப்பிட்டா போகுது, உள்ளதான் வரமாட்டேங்குது” என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! எல்லாம் இந்த மறதிதான்.

குரலுக்கும் அதே சங்கடம். வெவ்வேறு ரவுட்டர்களுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு போன்கள் நேரடியாகப் பேச முடியாது. ஒரு போன் மட்டும் அப்படி இருந்தால், ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும், அவர் பேசுவது இவருக்குக் கேட்காது. ஒற்றைக் காது என்போம். அதற்காக ஆர்.டி.பி. பிராக்ஸி என்று ஒரு துணை நிரலை சர்வர் பக்கத்திலேயே உட்கார வைத்து, குரல் பாக்கெட்டுகளை மட்டும் அதன் வழியாகக் கடத்த வேண்டும். பெர்லின்காரர்கள் தபால் ஆபீஸில் குரலுக்கு இடமில்லை என்று கட்டிய கட்டடத்துக்கு, ரவுட்டர்கள் ஒரு தாழ்வாரம் கட்ட வைத்தன.

இப்போது திருப்பூருக்கு வருகிறேன். 2008 மார்ச். இரண்டு நாள் நன்றாக ஓடியது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் முதலாளி கூப்பிட்டார். “தம்பி, மெட்ராஸ்ல இருந்து பேசறாங்க, நல்லாத்தான் கேக்குது. அரை நிமிசம் ஆச்சுன்னா வெட்டிப்போடுதுங்க. ஆர்டர் அளவு சொல்றதுக்குள்ள போயிருது.” பழைய மெக்கானிக் புத்தி, முதலில் கேபிளை மாற்றினேன். ஸ்விட்சை மாற்றினேன். இணைய லைனைக் குறை சொன்னேன். ஒரு நாள் போனது. அடுத்த நாள் கணக்குப் பிரிவில் இருந்த ஓர் அம்மா சொன்ன ஒரு வார்த்தைதான் திறவுகோல். “நாங்க மெட்ராஸுக்குக் கூப்பிட்டா வெட்டறதில்லைங்க. ஆனா அவங்க போனை வெச்ச பொறகும் நம்ம போனு வெக்காமயே கெடக்குது.”

ஒரு திசையில் வெட்டுகிறது. மறு திசையில் வெட்டவே மாட்டேன் என்கிறது. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு சென்னையிலிருந்து பேசச் சொன்னேன். முப்பத்திரண்டு நொடி. மறுபடியும் முப்பத்திரண்டு. ஐந்து முறையும் முப்பத்திரண்டு. லைன் பழுது இப்படிக் கடிகாரம் பார்த்து வராது. இது எங்கோ எழுதிவைத்த கணக்கு. என்கிரெப் என்ற கருவியை ஓடவிட்டு 5060-ஆம் போர்ட்டில் போகும் வரும் கடிதங்களைத் திரையில் படித்தேன்.

சென்னை போன் இன்வைட் அனுப்புகிறது. திருப்பூர் போன் மணியடிக்கிறது, எடுக்கிறார்கள், 200 போகிறது. அதற்கு ஆக் வர வேண்டும். வரவில்லை. அரை நொடி கழித்து திருப்பூர் போன் அதே 200-ஐ மறுபடி அனுப்புகிறது. பிறகு ஒரு நொடி, இரண்டு நொடி, நான்கு நொடி இடைவெளி விட்டு, அதன் பின் நான்கு நொடிக்கு ஒருமுறை. எண்ணினேன், மொத்தம் பதினோரு முறை. “எடுத்துவிட்டேன், கேட்டதா? எடுத்துவிட்டேன், கேட்டதா?” இதற்கு நடுவே மேலே இரண்டு மனிதர்கள் துணியின் அளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். குரல் போகிறது, ஒப்புகை மட்டும் வரவில்லை. 3261-ஆம் ஆவணத்தில் அடிப்படை அலகு அரை நொடி. அதன் அறுபத்து நான்கு மடங்கு காத்திரு என்று இருக்கிறது. முப்பத்திரண்டு நொடி. காத்திருந்து பார்த்துவிட்டு அந்த போன் பை சொல்லிவிடுகிறது.

ஆக் எங்கே போனது? சென்னைக்குப் போன 200-ஐ ஒரு வரி ஒரு வரியாகப் பார்த்தேன். ரெக்கார்ட்-ரூட் என்ற வரி, இனி வரும் கடிதங்களை எல்லாம் என் வழியாகவே அனுப்பு என்று சர்வர் தன் முகவரியை எழுதும் இடம். அதில் 192.168.1.10 என்று இருந்தது. திருப்பூர் அலுவலகத்துக்குள் மட்டும் செல்லும் முகவரி. சென்னை போன் கீழ்ப்படிந்து அந்த முகவரிக்கே ஆக்-ஐ அனுப்பிக்கொண்டிருந்தது; அது சென்னை அலுவலகத்தைத் தாண்டவே இல்லை. திருப்பூரிலிருந்து கூப்பிட்டால் ஆக் உள்ளிருந்து போவதால் சேர்ந்துவிடும், அழைப்பு வெட்டாது. ஆனால் சென்னைக்காரர் போனை வைக்கும்போது அவர் அனுப்பும் பை அதே செல்லாத முகவரிக்குப் போய்த் தொலைந்துவிடும். முதலாளி சொன்னதும் கணக்குப் பிரிவு அம்மா சொன்னதும் ஒரே பழுது. குரலைக் கடத்தும் வரியில் நான் வெளி முகவரியைக் கொடுத்திருந்தேன். கடிதத்துக்கு வெளியே காட்ட வேண்டிய முகவரியைக் கொடுக்க விட்டுவிட்டேன். ஒரு வரி சேர்த்து சர்வரை மறுபடி ஓட்டினேன். சென்னைக்காரரும் முதலாளியும் இருபது நிமிடம் பேசினார்கள்.

அந்த வரிக்குப் பக்கத்தில் ‘ஹேஷ்’ குறி போட்டு எழுதிவைத்தேன்: 14.3.2008, திருப்பூர், 32 நொடி. அதற்குப் பிறகு எந்த ஊரில் யார் “அரை நிமிஷத்தில் கட்டாகிறது” என்றாலும் நான் கேபிளைத் தொட்டதில்லை. கடிதத்தைத்தான் முதலில் படிப்பேன்.

இந்தக் கோப்பு ஓடியது ‘சர்’ மீது அல்ல, ஓப்பன்சர் மீது. பெர்லின் குழு ஆய்வுக்கூடத்திலிருந்து பிரிந்து நிறுவனமாகி, அது 2005-இல் டெகலெக் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் போனது. அதே ஆண்டு ஜூனில் யான்கு, மியர்லா, எலெனா-ரமோனா மோட்ரோயு மூவரும் நிரலை எடுத்துக்கொண்டு ஓப்பன்சர் என்று தனியே கிளம்பினார்கள். அந்தப் பிரிவும் என் கோப்பில் பதிந்திருக்கிறது: பழைய மாதிரியில் சோதனையை முடிக்க ‘பிரேக்’ என்று இருந்த இடமெல்லாம் இதில் ‘எக்ஸிட்’. 2008 ஜூலையில் வணிகப் பெயர்ச் சிக்கலால் ஓப்பன்சர் என்ற பெயரையே விட வேண்டிவந்தது. கமைலியோ ஆனது. ஹவாய் மொழியில் உரையாடுதல் என்று பொருள். அடுத்த மாதமே யான்கு ஓப்பன்சிப்ஸ் என்று பிரிந்தார். அதே ஆண்டு நவம்பரில் கமைலியோவும் பழைய சர்-உம் மறுபடி ஒரே நிரலில் கை கோத்தன. பங்காளிச் சண்டையும் சமாதானமும் ஒரே வருடத்தில். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வருடம் பெரிய தவிப்பு. வாடிக்கையாளரிடம் எந்தப் பெயரைச் சொல்வது, எந்தக் கிளையை நம்பி வைப்பது? இரண்டு கிளைகளும் இன்றுவரை உயிரோடு இருக்கின்றன, இரண்டிலும் நல்லவர்கள் வேலை செய்கிறார்கள். உரிமம் கட்டற்றதாக இல்லாமல் இருந்திருந்தால் 2005-இலேயே கதவு சாத்தியிருக்கும்.

அதற்குப் பிறகு வந்த கோப்புகளில் இன்னொரு வரி சேர்ந்தது. செய்தி அனுப்புகிற கருவி தன் பெயரை ‘ஃப்ரெண்ட்லி-ஸ்கேனர்’ என்று சொன்னால், பதிலே சொல்லாமல் விட்டுவிடு. 2007-இல் சிப்விஷஸ் என்ற பாதுகாப்புச் சோதனைக் கருவி வெளியானது; அது போட்டுக்கொள்ளும் பெயர் அது. சோதிக்க வந்த கருவியைத் திருடர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒரு காலையில் நான் லாக்கைத் திறந்தபோது 100, 101, 102 என்று வரிசையாக எக்ஸ்டென்ஷன் எண்ணைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போயிருந்தான் ஒருவன், திரை திரையாக. எக்ஸ்டென்ஷன் எண்ணையே கடவுச்சொல்லாக வைத்திருந்த இடங்களில் உள்ளே நுழைந்து, சனி ஞாயிறுகளில் அயல்நாட்டுக் கட்டண எண்களுக்கு அழைத்துத் தள்ளினார்கள். பதிலே சொல்லாதே என்பதற்குக் காரணம் உண்டு. மறுத்துப் பதில் சொன்னாலும், இங்கே ஒரு சர்வர் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். கமைலியோவின் மாதிரிக் கோப்பில் இன்றும் அந்த வரி இருக்கிறது.

எனக்கு வருத்தம் தருவது ஒன்றுதான். இந்தக் கோப்புகளை யாரும் சேர்த்து வைப்பதில்லை. ஆஸ்டெரிஸ்க்கின் பழைய சிப் பகுதி 2023-இல் வந்த 21-ஆம் பதிப்பில் எடுக்கப்பட்டுவிட்டது. ஆயிரக்கணக்கான அலுவலகங்களின் பழைய கோப்புகளுக்கு அதோடு வேலை போய்விட்டது. அவற்றை எழுதியவர்கள் புதிய கோப்பை எழுதியதும் பழையதை அழித்துவிடுகிறார்கள். நிரலின் வரலாறு பெர்லினிலும் அலபாமாவிலும் பத்திரமாக இருக்கிறது. அந்த நிரல் ஈரோட்டில், சிவகாசியில், கொழும்பில் என்ன பாடுபட்டது என்பது அந்தக் கோப்புகளில் மட்டும்தான் இருந்தது. அண்ணனின் காதில் இருந்த அறிவு அவரோடு போய்விட்டது. அதை நான் எழுதி வைக்கவில்லை, எழுதி வைக்க முடியும் என்றும் எனக்கு அப்போது தோன்றவில்லை. இந்தத் தொழிலில் அறிவு எழுத்தாகவே இருக்கிறது, அழிக்காமல் இருந்தாலே போதும்.

இந்த வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். ஒரு வரி சேர்க்கும்போது பக்கத்தில் தேதி, ஊர், என்ன பழுது என்று தமிழிலேயே எழுதுங்கள். ஹேஷ் குறிக்குப் பின்னால் எந்த மொழி இருந்தாலும் சர்வர் கவலைப்படாது. உங்களிடம் ஓப்பன்சர் காலத்துக் கோப்போ பழைய சிப் கோப்போ எங்காவது கிடந்தால் அழிக்காதீர்கள். ஒரு படி எடுத்து வையுங்கள், முடிந்தால் காகிதத்திலும். அதற்கு முன் அதில் இருக்கும் கடவுச்சொற்களை மட்டும் மறக்காமல் நீக்கிவிடுங்கள்.